ஒருவர் பெயரில் பதிவு, ஒரே கூரையின் கீழ் பலர்: கனடாவில் வீட்டில் மருத்துவக் கஞ்சா வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

என் மனைவியின் தகப்பனாருக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடிந்த பிறகு கால்விரல்களில் ஓர் எரிவு தொடங்கியது. போர்வை பட்டாலே துடிப்பார். வேறு மாத்திரைகள் ஒத்துவராமல் போனதும் வைத்தியர் கஞ்சாவை எழுதிக் கொடுத்தார். மாதாமாதம் வாங்குவது எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே வளர்ப்பதற்கு, மத்திய அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவில் பதிவு செய்தோம். மாமாவின் கைகள் நடுங்கும் என்பதால் அவருக்காக வளர்ப்பவர் என்று என் பெயரைக் கொடுத்தோம்.

சான்றிதழ் வந்தபோது அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஸ்கார்பரோவில் அந்த வீட்டில் நாங்கள் ஏழு பேர்: மாமா, மாமி, மனைவி, நான், இரண்டு பிள்ளைகள், நிலவறையில் வாடகைக்கு இருந்த ஒரு மாணவன். மற்ற ஐந்து பேரையும் அந்தத் தாள் காக்காது என்பது எனக்கு உறைக்கச் சில வாரங்கள் ஆயின. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். அந்த ஐந்து பேரைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மாகாணச் சட்டம் வரும் இடங்களில் ஒன்ராறியோவை வைத்தே பேசுகிறேன். உங்கள் வீட்டுக்கென்று ஒரு சிக்கல் இருந்தால் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் விதையைத் தொடவேண்டும்.

முதற்படி: எந்தச் சட்டத்தின் கீழ் வளர்க்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

2018 ஒக்டோபர் 17 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த கஞ்சாச் சட்டம், மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமலே ஒரு வீட்டில் 4 செடிகள் வரை வளர்க்க வயதுவந்தவர்களை அனுமதிக்கிறது. இந்த நான்கு வீட்டுக்குரியது, ஆளுக்குரியது அல்ல. ஐந்து பேர் பகிர்ந்து வாழும் வீட்டிலும் நான்குதான். 'ஆளுக்கு நாலு' என்று நம்பி இருபது செடி வைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கியூபெக் மாகாணம் இந்த நான்கையும் தடை செய்தது. அந்தத் தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்தது.

மருத்துவப் பதிவு வேறு வழி. வலிப்பு நோயாளியான டெரன்ஸ் பார்க்கர் நடத்திய வழக்கில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000 இல் அளித்த தீர்ப்பிலிருந்து அது தொடங்குகிறது. இடையில் வீட்டில் வளர்ப்பதை அரசு நிறுத்தப் பார்த்தது. அலார்ட் வழக்கில் 2016 பெப்ரவரியில் மத்திய நீதிமன்றம் அந்த முயற்சியைத் தள்ளுபடி செய்தது. இன்று நோயாளிகள் ஹெல்த் கனடாவில் பதிவு செய்து தமக்காக வளர்க்கலாம், அல்லது தமக்காக வளர்க்க இன்னொருவரை நியமிக்கலாம்.

இரண்டு வழிகளையும் கலந்து கணக்குப் போடாதீர்கள். செடிகளை எண்ண ஓர் அதிகாரி வந்தால், எந்தச் செடி எந்தக் கணக்கில் நிற்கிறது என்று நீங்கள் கையால் தொட்டுக் காட்டும்படி இருக்கவேண்டும்.

இரண்டாம் படி: விண்ணப்பத்துக்கு முன்னரே வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்

மற்றப் படிகளைவிட நான் அதிகம் அழுத்திச் சொல்வது இதைத்தான். மேசையைச் சுற்றி எல்லோரையும் இருத்தி, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: 'கனடாவில் உங்கள் நிலை என்ன?' குடியுரிமை பெற்றவரா, நிரந்தர வதிவிட உரிமை உள்ளவரா, மாணவர் விசாவா, வேலை அனுமதியா, அகதிக் கோரிக்கை விசாரணையில் இருக்கிறதா?

காரணம் இதுதான். அனுமதிக்கு மேல் செடி வளர்ப்பது, கஞ்சாவை விற்பது, சட்டவிரோதமாக மற்றவருக்குக் கொடுப்பது ஆகியவற்றுக்குக் கஞ்சாச் சட்டம் விதிக்கக்கூடிய உச்சத் தண்டனை 14 ஆண்டு சிறை. நீதிமன்றம் வெறும் அபராதத்தோடு விட்டுவிடலாம். ஆனால் குடிவரவுச் சட்டம் கிடைத்த தண்டனையை மட்டும் பார்ப்பதில்லை; கிடைத்திருக்கக்கூடிய உச்சத் தண்டனையையும் பார்க்கிறது. உச்சம் 10 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் அது 'பாரிய குற்றம்' என்ற வகைக்குள் போய்விடும். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவரைக்கூட நாட்டைவிட்டு அனுப்ப அது போதும். 6 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்துவிட்டால், வெளியேற்றும் உத்தரவை எதிர்த்து மேன்முறையீடு செய்யும் உரிமையும் போய்விடுகிறது. தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு வரம்பு இதைவிடத் தாழ்ந்தது.

ஒரே அறையில் ஒரே தவறு நடந்தாலும், குடியுரிமை பெற்ற அண்ணனுக்கு அது ஒரு வழக்கு. அவனோடு இருக்கும் மாணவர் விசாத் தம்பிக்கு அது விமான டிக்கெட்.

'நான் ஒன்றும் வளர்க்கவில்லையே, அந்த வீட்டில் இருந்தேன், அவ்வளவுதானே' என்று அவன் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு வீட்டில் இருப்பது மட்டுமே குற்றமாகாது. ஆனால் ஒருவர் வைத்திருக்கும் பொருள் மற்றவர்களுக்கும் தெரிந்து, அவர்களின் சம்மதத்தோடு அங்கே இருந்தால், அது எல்லோருடைய உடைமையாகவும் கருதப்படலாம் என்று குற்றவியல் சட்டக்கோவை சொல்கிறது. தெரியுமா, சம்மதித்தாரா, அதன்மேல் அவருக்கு அதிகாரம் இருந்ததா என்பதுதான் விசாரிக்கப்படும். செடிக்குத் தண்ணீர் ஊற்றிய கை, மின்கட்டணம் வரும் பெயர், அறைச் சாவி தொங்கும் கொக்கி ஆகிய எல்லாமே சாட்சியாக நிற்கக்கூடியவை.

பதிவின் எல்லைக்குள் எல்லாம் இருக்கும்வரை இந்தக் கேள்வியே எழாது. எல்லை மீறும் நாளில் வீடு முழுக்க அதற்குள் இழுபடும். ஆகவே குடியுரிமை இல்லாத எவரும் அந்த அறைக்குள் எந்த வேலையும் செய்யக்கூடாது, சாவியும் வைத்திருக்கக்கூடாது என்று எங்கள் வீட்டில் முடிவெடுத்தோம். நிலவறை மாணவனிடம் அவன் வாடகைக்கு வந்த அன்றே சொன்னோம். வேண்டாம் என்று போயிருந்தாலும் அவனை நாங்கள் குறை சொல்லியிருக்க முடியாது.

மூன்றாம் படி: எண்களை விளங்கிக்கொண்டு விண்ணப்பியுங்கள்

விண்ணப்பிப்பவர் 18 வயது நிரம்பியவராக, கனடாவில் வழக்கமாக வசிப்பவராக இருக்கவேண்டும். வைத்தியரின் கையொப்பமிட்ட மருத்துவ ஆவணம் வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை கிராம், எவ்வளவு காலத்துக்கு என்று அதில் இருக்கும். காலம் அதிகபட்சம் ஓராண்டு. உங்களுக்காக இன்னொருவர் வளர்ப்பதாக இருந்தால், கடந்த 10 ஆண்டுகளில் அவர்மீது கஞ்சா தொடர்பான குற்றத்தீர்ப்பு இல்லை என்று காட்டும் பொலிஸ் ஆவணமும் சேரும்.

செடிகளின் எண்ணிக்கை கிராமிலிருந்து கணக்கிடப்படுகிறது. நாளுக்கு 1 கிராம் என்றால் வீட்டுக்குள் 5 செடிகள், வெளியில் என்றால் 2. உள்ளே 5 செடி வைப்பவர் 225 கிராம் வரை சேமித்து வைக்கலாம். உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் வளர்க்க முடியாது. வெளியில் வளர்ப்பதென்றால், அந்த இடம் பாடசாலையையோ விளையாட்டுத் திடலையோ குழந்தைகள் காப்பகத்தையோ ஒட்டி இருக்கக்கூடாது.

சேர்ந்து வாழ்பவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய எண்கள் இரண்டு. ஒரு முகவரியில் அதிகபட்சம் 4 பதிவுகள். ஓர் ஆள் அதிகபட்சம் 2 பதிவுகளுக்காக வளர்க்கலாம். தனக்கு ஒன்றும் இன்னொருவருக்கு ஒன்றும், அல்லது மற்றவர்கள் இருவருக்கு. கணவன், மனைவி இருவரும் நோயாளிகள் என்றால் இரண்டு பதிவு, இரண்டு கணக்கு. ஒரே அறையில் வளர்த்தாலும் ஒவ்வொரு தொட்டியிலும் பெயர் எழுதிய அட்டை இருக்கட்டும். நோயாளி நண்பர்கள் சேர்ந்து வீடு எடுக்கும்போது, ஐந்தாவது ஆளுக்கு அந்த முகவரியில் இடமில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேவைக்கு மேல் கிராம் எழுதித் தருவதாகச் சொல்லும் தரகர்கள் நம்மவர்கள் நடுவிலும் உலவுகிறார்கள். அவர்களிடம் போகாதீர்கள். எண்ணிக்கை கூடக்கூட ஹெல்த் கனடாவின் கேள்விகளும் கூடும். பொதுப் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பதிவை மறுக்கவும் பறிக்கவும் அதற்கு அதிகாரம் இருக்கிறது.

விதையும் நாற்றும் உரிமம் பெற்ற விற்பனையாளரிடமிருந்தே வரவேண்டும். ஊரிலிருந்து யாராவது பொட்டலத்தில் சுற்றிக் கொண்டுவந்து தந்தால் அது இறக்குமதிக் குற்றம்.

நான்காம் படி: வீடு யாருடையது?

வளர்க்கும் இடம் வளர்ப்பவரின் சொந்த இடமாகவோ வழக்கமான வசிப்பிடமாகவோ இல்லையென்றால், உரிமையாளரின் கையொப்பமிட்ட சம்மதம் விண்ணப்பத்தோடு போகவேண்டும். வாடகைக்கு வசிக்கும் வீட்டிலேயே வளர்ப்பவரிடம் ஹெல்த் கனடா அதைக் கேட்காமல் விடலாம். அதை நம்பி வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். பதிவு உங்களைக் குற்றவியல் சட்டத்திலிருந்துதான் காக்கிறது. வாடகை ஒப்பந்தம் அதன் பாட்டில் நிற்கும். சுவரில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடித்தாலோ, வாடை அயலவரைத் தொந்தரவு செய்தாலோ, வீட்டுக்காரர் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உங்களைத் தானாக வெளியேற்ற அவருக்கு அதிகாரமில்லை. அதற்குத் தீர்ப்பாயத்தின் உத்தரவு வேண்டும். பார்வையிட வருவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்கவேண்டும்.

கொண்டோவில், அதாவது தனித்தனி உரிமையாளர்களுள்ள அடுக்குமாடியில், இருப்பவர்கள் முதலில் கட்டட விதிகளை எடுத்து வாசியுங்கள். புகைப்பதையும் வளர்ப்பதையும் தடுக்கும் விதிகளைப் பல கட்டடங்கள் கொண்டுவந்துவிட்டன. உடற்குறைபாட்டால் கஞ்சா தேவைப்படுகிறது என்றால், ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக்கோவையின்படி இணக்கமான ஏற்பாடு கேட்கலாம். கேட்பதை எழுத்தில் கேளுங்கள். ஆனால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். மருந்தை எண்ணெயாக எடுக்கலாம், கடையில் வாங்கலாம் என்ற பதிலும் வரலாம்.

ஐந்தாம் படி: அறை, பூட்டு, மின்சாரம்

பூட்டும் அறை ஒன்று, சாவி இரண்டு: ஒன்று நோயாளியிடம், மற்றது வளர்ப்பவரிடம். அறுவடையை வேறொரு பூட்டிய பெட்டியில் வையுங்கள். கஞ்சாவோ சான்றிதழோ களவுபோனால் 24 மணி நேரத்துக்குள் பொலிஸாரிடமும், 72 மணி நேரத்துக்குள் எழுத்தில் ஹெல்த் கனடாவிடமும் சொல்லவேண்டும். வீட்டுப் பிள்ளைதான் எடுத்திருப்பான் என்று சந்தேகம் வந்தால் மூடி மறைக்கத்தான் மனம் போகும். மறைத்தால், பொறுப்பு எடுத்தவனோடு நிற்காமல் உங்களையும் சேரும்.

மின்சாரத்தில் துணிச்சல் வேண்டாம். கனடாவின் சாதாரண 15 அம்பியர், 120 வோல்ட் சுற்று தாங்குவது 1800 வாட். மணிக்கணக்காக எரியும் விளக்குகளுக்கு அதில் 80 வீதமான 1440 வாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. அதே சுற்றில் நிலவறையின் அரிசிக் குக்கரும் சூடாக்கியும் ஓடிக்கொண்டிருக்கலாம். புதிய கம்பி இழுப்பதென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட்டு, மின்பாதுகாப்பு ஆணையத்தின் பரிசோதனைப் பத்திரத்தையும் வாங்கி வையுங்கள்.

வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஆபத்தைக் கூட்டும் மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், தீப்பிடித்த அன்று இழப்பீடு மறுக்கப்படலாம். வீட்டின் பங்காளிகள், அடமானத்தில் சேர்ந்து கையொப்பமிட்ட மச்சான் உட்பட, எல்லோருக்கும் அது நட்டம்.

ஆறாம் படி: குளிர்சாதனப் பெட்டி

மாமாவுக்குப் புகை ஆகாது. நான் அவருக்குக் கஞ்சாவை வெண்ணெயில் காய்ச்சி வடிகட்டிக் கொடுப்பேன். ஒருநாள் அதை ஜாம் போத்தல் ஒன்றில் ஊற்றி, பெயர் எழுதாமல் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். பக்கத்திலேயே மாமியின் நெய்ப் போத்தல். இரண்டும் ஒரே மஞ்சள், ஒரே உறைவு. மாலையில் பிள்ளைகளுக்குப் புட்டுக் குழைப்பதற்காக மாமி எடுத்துத் திறந்தது என் போத்தலைத்தான். பச்சை வாடை அடித்ததால் மூடிவிட்டார். அடித்திராவிட்டால் என்று நினைக்கும்போது இன்றும் என் வயிறு கலங்குகிறது.

அன்று மாலையே பூட்டுள்ள சிறிய குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வாங்கினேன். நீங்கள் முதல் நாளே வாங்குங்கள். ஒவ்வொரு போத்தலிலும் தமிழில் பெரிய எழுத்தில் 'கஞ்சா, தொடாதே' என்று எழுதுங்கள். பிள்ளை தவறுதலாகச் சாப்பிட்டுவிட்டால் 911 ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சிறுவர் பாதுகாப்புச் சேவை வீட்டுக்கு வருமே என்ற பயம் உண்மையானதுதான். ஆனால் வைத்தியருக்கு உண்மை தெரியாமல் போவது அதைவிட ஆபத்து.

பியூட்டேன் போன்ற கரைப்பான்களை வைத்து எண்ணெய் பிழிவதைச் சட்டம் தடை செய்கிறது. வீடுகள் வெடித்திருக்கின்றன.

மாமிக்கும் முழங்கால் வலி. 'அவருக்குக் காய்ச்சினதில் கொஞ்சம் தடவினால் என்ன?' என்று கேட்டார். தடவக்கூடாது. பதிவின் கீழ் வளர்த்தது பதிவு செய்தவருக்கு மட்டும்தான் உரியது. மனைவிக்குக் கொடுப்பதும் கொடுத்ததுதான். உரிமம் பெற்ற கடையில் மாமிக்கெனத் தனியாக ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்தேன்.

ஏழாம் படி: கதவைத் தட்டினால்

பகலில் வீட்டில் இருப்பது யார்? பெரும்பாலும் அம்மா, அப்பா, அல்லது மாமி. ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. சீருடையைக் கண்டதும் மரியாதைக்கு 'வாங்கோ, உள்ளே வாங்கோ' என்று கதவைத் திறந்துவிடுவார்கள். அந்த அழைப்பே சட்டத்தில் சம்மதமாகிவிடக்கூடும். ஹெல்த் கனடா பரிசோதகர்கள்கூட, ஒருவர் வசிக்கும் வீட்டுக்குள் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் நுழைய முடியாது.

நாங்கள் மாமிக்கு ஓர் அட்டை எழுதி, கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தோம். சான்றிதழின் பிரதி எந்த லாச்சியில் இருக்கிறது, யாரை அழைக்கவேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பவை அதில் இருந்தன. சான்றிதழைக் காட்டலாம், காட்டத்தான் வேண்டும். பதிவு உண்மையானதா என்று பொலிஸார் ஹெல்த் கனடாவிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வார்கள். ஆணையோடு வந்தால் தடுக்கக்கூடாது, வாதாடவும் கூடாது. தடுத்துவைக்கப்பட்டால் சட்டத்தரணியோடு பேசும் உரிமை எல்லோருக்கும் உண்டு. விசாவில் இருக்கும் மாணவனுக்கும்தான்.

எட்டாம் படி: வீட்டுக்கு வெளியே

நோயாளி பொது இடத்தில் தன் மருந்தாக 30 நாள் தேவையையோ 150 கிராமையோ, எது குறைவோ அதை வைத்திருக்கலாம். கனடா எல்லையைத் தாண்டி ஒரு துளி எண்ணெயும் போகக்கூடாது. மருத்துவச் சான்றிதழ் அங்கே செல்லாது. அமெரிக்காவின் பஃபலோவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குக் காரில் போவதாக இருந்தால், இருக்கைக்கு அடியையும் கைப்பையையும் முதல்நாளே துடைத்துப் பாருங்கள். அமெரிக்க மத்திய சட்டத்தில் கஞ்சா இன்னும் குற்றம்தான். இந்தியாவில் செடி வளர்ப்பதற்கு மட்டுமே 10 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. இலங்கையிலும் சட்டம் கடுமையானது. கோயில் திருவிழாவுக்கு ஊர் போகும் அப்பாவின் பெட்டியை அடுக்குபவர் யார் என்பதைக் கவனியுங்கள்.

ஒன்பதாம் படி: மாற்றங்கள், முடிவு

வீடு மாறினால் பதிவு உங்களோடு தானாக வராது. புதிய முகவரிக்கு ஹெல்த் கனடாவின் திருத்தம் கிடைத்த பிறகே அங்கே வளர்க்கலாம். காலாவதிக்குப் பல வாரங்கள் முன்னரே வைத்தியரைப் பாருங்கள். சான்றிதழ் முடிந்த மறுநாள் அந்தச் செடிகளுக்குப் பாதுகாப்பு இல்லை. கணவன், மனைவி பிரிந்தால், வளர்ப்பவராக நியமிக்கப்பட்டவர் வீட்டைவிட்டுப் போனால், உடனே எழுதி அறிவியுங்கள்.

நோயாளி இறந்துவிட்டால் பதிவும் அவரோடு முடிந்துவிடுகிறது. செடிகள் யாருக்கும் உரிமையாக வராது. துக்க வீட்டில் இதை நினைவுபடுத்த யாருக்கும் மனம் வராது. அதனால் வளர்ப்பவரே இதை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

மாமா போன வருடம் மாசியில் காலமானார். இறுதிச்சடங்கு முடிந்து வந்த இரவே, ஆட்கள் போன பிறகு, நான் அறையைத் திறந்தேன். அவர் பெயர் எழுதிய அட்டைகள் தொட்டிகளில் அப்படியே நின்றன. செடிகளை வெட்டித் துண்டாக்கி, தண்ணீர் விட்டு அரைத்து, வாடை தெரியாமல் இருக்கப் பூனை மணலோடு பிசைந்து கறுப்புப் பையில் கட்டினேன். வெண்ணெய்ப் போத்தலையும் அப்படியே காலி செய்தேன். எத்தனை செடி, எந்தத் திகதி என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டேன். சாட்சியாக மாமி தமிழில் கையெழுத்து வைத்தார். மறுநாள் காலையில் அந்தத் தாளின் பிரதியோடு சான்றிதழையும் இறப்புச் சான்றிதழின் பிரதியையும் உறையில் போட்டு ஹெல்த் கனடாவுக்கு அனுப்பினேன்.